வியன்னாவிலிருந்து வந்த இருவர், நான்கு நகர மையங்கள்

1938இல் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் புகுந்தபோது வியன்னாவை விட்டுத் தப்பி அமெரிக்கா வந்த யூதர்கள் ஏராளம். அவர்களில் இரண்டு பேரை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஒருவர் விக்டர் கிரூயன். முப்பதைத் தாண்டிய கட்டடக் கலைஞர், நியூயார்க்கில் போய் இறங்கினார். இன்னொருவர் மாக்ஸ் ஹெல்லர். பத்தொன்பது வயதுப் பையன். அதற்கு முந்தைய வருடம் வியன்னாவுக்குச் சுற்றுலா வந்த ஓர் அமெரிக்கப் பெண்ணுடன் ஒருமுறை நடனமாடிய பழக்கம்தான் அவருக்கு இருந்த ஒரே தொடர்பு. அந்தப் பெண்ணின் ஊரான தென் கரோலினாவின் கிரீன்வில்லில் ஒரு சட்டைத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார்.

இருவரும் ஒரே மாதிரி தெருக்களில் வளர்ந்தவர்கள். கீழே கடை, மேலே வீடு, வாசலில் மரம், மூலையில் காபிக்கடை. இருவருக்கும் அமெரிக்க ஊர்களின் நடுப்பகுதி, அங்கே 'டவுன்டவுன்' என்று சொல்கிறார்களே அது, வியன்னா போல இல்லையே என்ற குறை இருந்தது. அதைத் தீர்க்க இருவரும் வாய்ப்பும் பெற்றார்கள். ஒருவர் கை வைத்த இடங்கள் பலவற்றை அந்தந்த ஊர்களே பின்னால் இடித்தன, பிரித்தன, மாற்றின. மற்றவர் கை வைத்த தெருவைப் பார்க்க இன்றும் மற்ற ஊர் மேயர்கள் வந்து போகிறார்கள். நடுத்தர நகரங்களில் எது வாழ ஏற்றது, ஏன் என்று ஒப்பிட உட்கார்ந்தபோது எனக்கு இந்த இருவரும்தான் நல்ல தொடக்கமாகத் தெரிந்தார்கள்.

ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்டவை நான்கு நகரங்கள்: கிரீன்வில், நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர், டென்னசியின் சாட்டனூகா, வட கரோலினாவின் ஆஷ்வில். நடுவில் அயோவாவின் டெ மாயின் கொஞ்சம் வந்துபோகும்.

முதலிலேயே ஓர் எச்சரிக்கை. மக்கள்தொகையை வைத்து இந்த ஊர்களை ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம். 2020 கணக்கெடுப்பில் கிரீன்வில் நகரத்தில் 70,720 பேர்தான். ஆனால் அது இருக்கும் கவுன்ட்டியில், நம் ஊர் மாவட்டம் மாதிரி, ஐந்து லட்சத்துக்கும் மேல். நகர எல்லை சின்னது, அவ்வளவுதான். சாட்டனூகாவில் 1,81,099 பேர். ஆனால் அந்த நகரம் அக்கம்பக்கத்தைச் சேர்த்துச் சேர்த்து சுமார் 140 சதுர மைலுக்கு விரிந்துகிடக்கிறது. ராச்செஸ்டரின் எல்லை அதில் நாலில் ஒரு பங்குதான். அதற்குள் 2,11,328 பேர். அதாவது பட்டியலில் சாட்டனூகாவும் ராச்செஸ்டரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலும், தெருவில் இறங்கி நடந்தால் வேறு வேறு உலகம். 'வாழச் சிறந்த 50 நகரங்கள்' வகைப் பட்டியல்களை நான் பெரிதாக நம்பாததற்கு இது ஒரு காரணம். அவை நகரத்தை ஒற்றை எண்ணாகப் பார்க்கின்றன. நகர மையத்தில் குடியிருக்கப் போகிறவருக்கு வேண்டியது தன் வாசலிலிருந்து பத்து நிமிட நடையில் என்னென்ன இருக்கிறது என்பதுதான்.

நான் பயன்படுத்தும் அளவுகோல் இன்னும் எளிமையானது. திருவிழா இல்லாத, விளையாட்டுப் போட்டி இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை இரவு ஏழு மணிக்கு அந்தத் தெருவில் யார் நடக்கிறார்கள்? சனிக்கிழமைக் கூட்டத்தைக் காசு செலவழித்து வரவழைத்துவிடலாம். செவ்வாய்க்கிழமைக் கூட்டம் அங்கேயே குடியிருந்தால்தான் வரும்.

ராச்செஸ்டர்: கூரைக்குள் கொண்டுபோன தெரு

ராச்செஸ்டர் பணக்கார ஊர். கோடாக் அங்கேதான் பிறந்தது. 1950இல் மக்கள்தொகை 3,32,488. பணம் இருந்ததால் எல்லாவற்றையும் பெரிதாகச் செய்ய முடிந்தது. நகர மையத்தைச் சுற்றி 'இன்னர் லூப்' என்ற விரைவுச்சாலையை 1950களில் தொடங்கி 1965இல் முடித்தார்கள். அதன் ஒரு பகுதி பள்ளமாகத் தோண்டி, கோட்டை அகழி போல அமைந்தது. நீர் மட்டும்தான் இல்லை. வெளியிலிருந்து வருபவர் வேகமாக உள்ளே வரலாம், மாலை ஐந்து மணிக்கு வேகமாக வெளியே போகலாம். வேகமாகப் போகும் வசதிதான் ஊரைக் காலி செய்யும் என்று அப்போது யாரும் எதிர்பார்க்கவில்லை.

உள்ளே, 1962 ஏப்ரலில், மிட்டவுன் பிளாசா திறந்தது. வடிவமைத்தவர் கிரூயன். மினசோட்டாவில் 1956இல் திறந்த சவுத்டேல், அதாவது அமெரிக்காவின் முதல் மூடிய, குளிரூட்டப்பட்ட புறநகர் ஷாப்பிங் மாலும் அவருடையதுதான். மிட்டவுன் பிளாசா அதே யோசனையை நகர மையத்துக்குள் கொண்டுவந்த முதல் பெரிய முயற்சி. அடியில் பார்க்கிங், நடுவில் கூரை போட்ட சதுக்கம், பல நாடுகளின் பொம்மைகள் சுழலும் கடிகாரம், மேலே அலுவலகமும் ஹோட்டலுமாக ஒரு கோபுரம். கிறிஸ்துமஸ் காலத்தில் குழந்தைகளுக்கு ஒரு மோனோரயிலும் ஓடும். அந்த ஊரில் வளர்ந்த ஒரு தலைமுறைக்கு அந்த மோனோரயில் நினைவு இன்றும் இனிக்கிறது. அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

ஆனால் என்ன ஆயிற்று என்று பாருங்கள். ஒருவர் புறநகரிலிருந்து காரில் புறப்பட்டு, லூப்பில் இறங்கி, நிலத்தடி பார்க்கிங்கில் வண்டியை விட்டு, லிஃப்டில் ஏறி, மாலுக்குள் வாங்க வேண்டியதை வாங்கி, அதே வழியில் திரும்பிவிடலாம். தெருவில் கால் வைக்கவே வேண்டாம். தெருவில் இருந்த செருப்புக்கடைக்கும் காபிக்கடைக்கும் இவரால் ஒரு காசு லாபம் இல்லை. கிரூயன் வியன்னாவின் சதுக்கத்தைக் கூரைக்குள் கொண்டுவந்தார். அந்தச் சதுக்கத்துக்கு உயிர் கொடுத்தது சுற்றியிருந்த மாடி வீடுகள். அவற்றை அவர் கொண்டுவரவில்லை, அல்லது அவருக்குக் காசு கொடுத்தவர்கள் விடவில்லை. எப்படியானாலும் மாலின் விதி புறநகரின் கையில் போய்விட்டது. இன்னும் பெரிய, இன்னும் எளிதாகக் கார் நிறுத்தக்கூடிய மால்கள் வெளியே வந்ததும் உள்ளே இருந்த பெரிய கடைகள் ஒவ்வொன்றாகப் போயின. 2008இல் பிளாசா மூடப்பட்டது. 2010இல் இடிக்கத் தொடங்கினார்கள். கோடாக் 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்பு கேட்டது.

கிரூயனுக்கும் இது தெரியாமல் இல்லை. மால் என்ற பிள்ளைக்குத் தான் தகப்பன் இல்லை என்று கடைசிக் காலத்தில் கையை உதறிவிட்டார். 1968இல் வியன்னாவுக்கே திரும்பினார். அங்கே போனால், நகருக்கு வெளியே ஒரு பிரமாண்ட ஷாப்பிங் மால் எழும்பிக்கொண்டிருந்ததையும் பார்க்க வேண்டியதாயிற்று.

அவர் பெயர் மிச்சிகனின் கலமசூவிலும் வரும். 1959இல் அந்த ஊர் தன் கடைத்தெருவில் வண்டிகளைத் தடைசெய்து நடப்பவர்களுக்கு மட்டும் என்று ஆக்கியது. அமெரிக்காவில் அதுதான் முதல். யோசனை கிரூயனின் திட்டத்திலிருந்து வந்தது. பிறகு கிட்டத்தட்ட இருநூறு ஊர்கள் இதைப் பின்பற்றின. பெரும்பாலானவை தோற்றன. கலமசூவே 1998இல் ஒரு பகுதியை மறுபடி வண்டிக்குத் திறந்துவிட்டது. வண்டியைத் துரத்தினால் ஆள் வந்துவிடுவார் என்று கணக்குப் போட்டார்கள். அந்தத் தெருவின் மேல் மாடிகளில் யாரும் குடியில்லாதபோது, ஆறு மணிக்குக் கடை மூடியதும் அது வெறும் நீளமான வெற்றிடம்.

கிரீன்வில்: நான்கை இரண்டாக்கிய தெரு

ஹெல்லரின் கதைக்கு வருவோம். தொழிற்சாலையில் தரை பெருக்குவதில் தொடங்கி, பிறகு சொந்தச் சட்டைக் கம்பெனி வைத்து, அதை விற்று, 1971இல் கிரீன்வில்லின் மேயரானார். அப்போது அது தன்னை உலகின் ஜவுளித் தலைநகர் என்று சொல்லிக்கொண்ட ஊர். அந்தப் பட்டம் மட்டும்தான் மிச்சம், ஆலைகள் போய்க்கொண்டிருந்தன. மெயின் ஸ்ட்ரீட் நான்கு தடச் சாலை. கடைகள் மூடிக்கிடந்தன.

ஹெல்லர் செய்தது புதிதாக ஒன்றும் பிரமாதமில்லை. நான்கு தடத்தை இரண்டாகக் குறைத்தார். சும்மா கிடைத்த இடத்தில் நடைபாதையை அகலமாக்கி, மரம் நட்டு, வண்டிகளைச் சாய்வாக நிறுத்த இடம் விட்டார். வடிவமைப்பில் உதவியவர் புகழ்பெற்ற நிலக்காட்சிக் கலைஞர் லாரன்ஸ் ஹால்ப்ரின். வேலை 1970களின் பின்பாதியில் நடந்தது.

கிரூயனுக்கும் ஹெல்லருக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு இங்கேதான் பிடிபடுகிறது. கிரூயனுடைய மாலிலும் கலமசூத் தெருவிலும் காரும் காலும் பிரிக்கப்பட்டன. ஹெல்லர் பிரிக்கவில்லை, மெதுவாக்கினார். வண்டி வரலாம், கடை வாசலில் நிற்கலாம், ஆனால் மணிக்கு 50 மைல் வேகத்தில் பறக்க முடியாது. சாய்வாக நிற்கும் வண்டி வரிசை நடப்பவருக்கும் சாலைக்கும் நடுவே ஒரு வேலி மாதிரி. மரம் வளர வளர தெரு இன்னும் குறுகலாகத் தெரியும், ஓட்டுநரின் கால் தானாகவே பிரேக்குக்குப் போகும். காசு செலவழித்து இயந்திரம் எதுவும் வைக்காமல் நடக்கிற வேலை இது.

அப்புறம் 1982இல் மெயின் ஸ்ட்ரீட்டின் வட முனையில் ஹயாத் ஹோட்டல் வந்தது. 1990இல் தென்பக்கம் பீஸ் சென்டர் என்ற கலையரங்கம். இரண்டு முனையிலும் ஆளை இழுக்க ஏதோ ஒன்று, நடுவில் நடக்க இதமான தெரு. இடைப்பட்ட கடைகள் அந்த நடையில் பிழைத்துக்கொண்டன. இந்த உத்தியை மால் கட்டுபவர்கள் நன்றாக அறிவார்கள். இரண்டு முனையிலும் பெரிய கடை, நடுவில் சின்னக் கடை. ஹெல்லர் அதைத் தெருவிலேயே செய்தார். கிரூயனிடமிருந்து கடன் வாங்கிய ஒரே பாடம் என்றுகூடச் சொல்லலாம்.

ஆனால் கிரீன்வில் என்றதும் இன்று எல்லோரும் காட்டும் படம் மெயின் ஸ்ட்ரீட் அல்ல, அருவி. ரீடி ஆறு நகரின் நடுவில் பாறைகளின் மேல் விழுகிறது. ஊரே அந்த அருவியைச் சுற்றித்தான் தொடங்கியது. ஆலைகளின் சாயக்கழிவு அதை நாறடித்தது. 1960இல் நெடுஞ்சாலைத் துறை அருவிக்கு நேர் மேலே நான்கு தடக் கான்கிரீட் பாலத்தைக் கட்டி அதை மறைத்தும்விட்டது. பெயர் காம்பர்டவுன் பாலம். ஒரு தோட்டக் கழகத்தின் பெண்கள் 1960களின் பின்பாதியிலிருந்து பாலத்துக்கு அடியில் புதரை வெட்டி, செடி வைத்து, இங்கே ஓர் அருவி இருக்கிறது என்று ஞாபகப்படுத்திக்கொண்டே இருந்தார்கள்.

1995இல் மேயரான நாக்ஸ் வைட் பாலத்தை இடிக்க வேண்டும் என்றார். நல்ல நிலையில் இருக்கும், தினமும் ஆயிரக்கணக்கான வண்டிகள் போகும் பாலத்தை ஏன் இடிக்க வேண்டும் என்று ஊரே கேட்டது. நியாயமான கேள்விதான். 2002இல் இடித்தார்கள். 2004இல் அந்த இடத்தில் நடப்பவர்களுக்கான லிபர்டி பாலமும் ஃபால்ஸ் பார்க்கும் திறந்தன. பாலத்துக்கு ஆன செலவு 45 லட்சம் டாலர். ஒரு பக்கம் மட்டும் கம்பிவடம் தாங்க, அருவியைச் சுற்றி வளைந்துபோகும் பாலம் அது. மேலே நின்று கீழே பார்த்தால் அருவி முழுதாகத் தெரியும். வண்டிகள் பக்கத்துத் தெருக்களில் பரவிப்போயின. எதிர்பார்த்த நெரிசல் பேரழிவு வரவில்லை.

கணக்கெடுப்பு எண்களைப் பாருங்கள். 2000இல் 56,002. 2010இல் 58,409. 2020இல் 70,720. தெரு வேலைக்குப் பிறகு முதல் முப்பது வருடம் எண்ணிக்கையில் ஒன்றுமே நடக்கவில்லை. தெருவைக் குறுக்கியது 1970களில், ஆள் குடிவந்தது 2010களில். இதைத்தான் மேயர்கள் வந்து பார்த்துவிட்டுப் போகும்போது மறந்துவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். நான்கு வருடப் பதவிக்காலத்தில் காட்டக்கூடிய விளைச்சல் இல்லை இது. மரம் நட்டவர் நிழலில் நிற்கவில்லை. ஹெல்லர் 2011இல் இறந்தார். நல்லவேளையாக, அருவியைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

சாட்டனூகா: அழுக்கும் ஆறும்

1969இல் வால்ட்டர் கிராங்கைட் தொலைக்காட்சிச் செய்தியில் சாட்டனூகாவை நாட்டிலேயே மிக அழுக்கான காற்றுள்ள நகரம் என்று அறிவித்தார். வார்ப்பாலைகளின் புகை மலைகளுக்கு நடுவே தேங்கிவிடும், பகலிலும் வண்டிகள் விளக்குப் போட்டு ஓடும். ஆலைகள் மூடியபோது காற்று தெளிந்தது, வேலையும் போயிற்று. 1980களில் பத்து சதவீத மக்கள் வெளியேறினார்கள்.

இங்கே நடந்ததில் எனக்குப் பிடித்தது தொடக்கம். 1984இல் 'விஷன் 2000' என்று ஊரைக் கூட்டிப் பேச உட்கார்ந்தார்கள். 1,700க்கும் மேற்பட்டவர்கள் வந்து, 40 இலக்குகளை எழுதினார்கள். இப்படிப்பட்ட கூட்டங்கள் வழக்கமாக ஓர் அழகான புத்தகத்தோடு முடிந்துபோகும். இங்கே முடியவில்லை, ஏனென்றால் கோகோ கோலா பாட்டில் நிரப்பும் தொழிலில் சேர்ந்த பழைய குடும்பப் பணம் ஊரிலேயே ஓர் அறக்கட்டளையாக இருந்தது. 1992இல் ஆற்றங்கரையில் டென்னசி அக்வேரியம் திறந்தது. 4.5 கோடி டாலர், முழுக்க நன்கொடை. எல்லா ஊரிலும் இப்படி ஒரு குடும்பம் இருக்காது. சாட்டனூகாவைப் பின்பற்ற நினைப்பவர்கள் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

பணம் அதிகம் கேட்காத காரியங்களும் அங்கே நடந்தன. வால்நட் ஸ்ட்ரீட் பாலம் 1890இல் கட்டியது, 2,376 அடி நீளம். பழுதாகி 1978இல் மூடிவிட்டார்கள். இடிப்பதாக இருந்தது. ஊர்க்காரர்கள் விடவில்லை. பலகைகளில் பெயர் பொறிக்கப் பணம் கொடுத்தார்கள். 1993இல் நடப்பவர்களுக்கு மட்டும் என்று திறந்தது. ஆற்றின் வடகரையில் செத்துக்கிடந்த கடைத்தெரு, பாலத்தின் மறுமுனை என்பதாலேயே உயிர்பெற்றது. அக்வேரியம் திறந்த அதே 1992இல் நகர மையத்தில் இலவச மின்பேருந்து ஓடத் தொடங்கியது. இரண்டு முனையிலும் பார்க்கிங் கட்டடம், அந்தப் பார்க்கிங் கட்டணத்தில் பேருந்துச் செலவு. வண்டியை ஓரத்தில் விட்டுவிட்டு உள்ளே வா என்பதை உபதேசமாகச் சொல்லாமல் வசதியாகச் சொன்னார்கள்.

அந்தப் பாலத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. 1906 மார்ச்சில் எட் ஜான்சன் என்ற கறுப்பினத்தவரை, அவரது மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் ஏற்றுத் தண்டனையை நிறுத்திவைத்த பிறகும், கும்பல் சிறையிலிருந்து இழுத்துவந்து அந்தப் பாலத்தில் தூக்கிலிட்டது. காவலுக்கு இருக்க வேண்டிய ஷெரிஃபை உச்ச நீதிமன்றமே நேரடியாக விசாரித்துத் தண்டித்தது. அதன் வரலாற்றில் ஒரே குற்றவியல் விசாரணை அதுதான். பல கறுப்பினக் குடும்பங்கள் அந்தப் பாலத்தில் கால் வைக்காமலே இருந்தன. பாலம் நகரின் அடையாளமாகி 28 வருடம் கழித்து, 2021இல்தான் தென்முனையில் நினைவிடம் வந்தது. 'எல்லோரும் சந்திக்கும் இடம்' என்று விளம்பரத்தில் எழுதும் முன், எல்லோரும் என்றால் யார் என்று இந்த ஊர் காலம் தாழ்த்தியாவது கேட்டுக்கொண்டது.

2005இல் 12 கோடி டாலரில் ஆற்றங்கரைத் திட்டத்தை முடித்தார்கள். பாதி தனியார் பணம், மீதியில் பெரும்பகுதி ஹோட்டல் அறை வரி. அதில் நான் முக்கியமாகக் கருதுவது புதிய கட்டடங்களை அல்ல. நகரத்துக்கும் ஆற்றுக்கும் நடுவில் லாரிகளுக்காகப் போட்ட ரிவர்ஃபிரண்ட் பார்க்வே என்ற அகலச் சாலையைக் குறுக்கி, சிக்னலோடும் குறுக்குவெட்டுக் கோடுகளோடும் சாதாரணத் தெருவாக மாற்றினார்கள். மறுபடியும் அதே கதை. கிரீன்வில்லில் இரண்டு தடம் போயிற்று, அப்புறம் ஒரு பாலம் போயிற்று. இங்கே ஒரு நெடுஞ்சாலை போயிற்று. 2010இல் நகரத்துக்குச் சொந்தமான மின்வாரியம் வினாடிக்கு ஒரு கிகாபிட் இணையத்தை வீடுதோறும் கொடுத்தது பெரிய செய்தியாயிற்று. வேலைகளை இழுத்ததும் உண்மை. ஆனால் அந்த இணையம் புறநகர் வீட்டுக்கும் அதே வேகத்தில்தான் போகிறது. நகர மையத்துக்கு ஆளைக் கொண்டுவந்தது இந்தக் கண்ணாடி இழை இணையம்தான் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஆஷ்வில்: கடன் காப்பாற்றிய ஊர்

ஆஷ்வில்லின் கதை சுருக்கம், ஆனால் விசித்திரம். 1930இல் வங்கிகள் விழுந்தபோது அந்த ஊர் தலைக்குமேல் கடனில் இருந்தது. கடனைத் தள்ளுபடி கேட்காமல் முழுக்கக் கட்டுவது என்று முடிவெடுத்து, கட்டிமுடித்தது 1976இல். மற்ற ஊர்கள் 1950களிலும் 60களிலும் நகர மையத்தை இடித்துப் பார்க்கிங் மைதானமாக்கிக்கொண்டிருந்தபோது ஆஷ்வில்லிடம் இடிக்கக் காசு இல்லை. 1920களின் கட்டடங்கள் அப்படியே நின்றன. நகர மையத்துக்குக் கிடைத்த இந்த அதிர்ஷ்டம் பக்கத்திலிருந்த கறுப்பினக் குடியிருப்புக்குக் கிடைக்கவில்லை. ஈஸ்ட் எண்டை மத்திய அரசின் புனரமைப்புப் பணத்தில் பெருமளவு கலைத்துவிட்டார்கள்.

கடன் தீர்ந்ததும் இடிக்கும் ஆசை இங்கேயும் வந்தது. பதினோரு பிளாக்குகளைத் தள்ளிவிட்டு மால் கட்ட ஒரு திட்டம். எதிர்த்தவர்கள் துணிகளை முடிச்சுப்போட்டு நீளமாக்கி, இடிபடப் போகும் பகுதியைச் சுற்றிப் பிடித்து நின்று காட்டினார்கள். 1981 வாக்கெடுப்பில் திட்டம் தோற்றது.

அந்தப் பழைய கட்டடங்களின் மதிப்பைப் பின்னால் ஒரு கணக்கு உலகுக்குக் காட்டியது. நகரத் திட்டமிடுபவரான ஜோ மினிகோஸி சொத்து வரியை ஏக்கருக்கு இவ்வளவு என்று பிரித்துப் பார்த்தார். நகர எல்லையில் 34 ஏக்கரில் விரிந்திருந்த வால்மார்ட் ஏக்கருக்குச் சுமார் 6,500 டாலர் சொத்து வரி கட்டியது. நகர மையத்தில் புதுப்பித்த ஒரு பழைய பல்பொருள் கடைக் கட்டடம், கீழே கடை, மேலே அலுவலகமும் வீடும், மொத்தமே 0.19 ஏக்கர். அது ஏக்கர் கணக்கில் 6,34,000 டாலர். கிட்டத்தட்ட நூறு மடங்கு. நகர மையம் என்பது ஏதோ கலை ஆர்வலர்களின் பொழுதுபோக்கு என்று நினைத்திருந்த கவுன்சிலர்களுக்கு இந்த ஒரு எண் புரியவைத்ததை, நூறு அழகியல் சொற்பொழிவுகள் புரியவைத்திருக்காது.

ஆஷ்வில்லில் குடியேற நினைப்பவர் 2024 செப்டம்பரையும் நினைவில் வைக்க வேண்டும். ஹெலீன் புயலில் ஆற்றோரக் கலைஞர் பகுதி மூழ்கியது. மேட்டில் இருக்கும் நகர மையம் மூழ்கவில்லை, ஆனால் குடிநீர்க் குழாய்கள் சிதைந்து, குடிக்கத் தகுந்த தண்ணீர் வர 53 நாள் ஆயிற்று. உணவகங்களை நம்பியே நிற்கும் மையத்துக்கு 53 நாள் தண்ணீர் இல்லை என்றால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. சுற்றுலாவில் சாய்ந்துநிற்கும் நகர மையம் பார்க்கத்தான் பலமாகத் தெரியும்.

இழுப்பதற்கும் இருப்பதற்கும் நடுவே

இப்போது செவ்வாய்க்கிழமைக்குத் திரும்புவோம். அயோவாவின் தலைநகர் டெ மாயின் இங்கே பாடம் சொல்கிறது. காப்பீட்டு நிறுவனங்களின் ஊர், 2,14,133 பேர். குளிருக்குப் பயந்து 1982 முதல் கட்டடங்களை இரண்டாம் மாடி உயரத்தில் கண்ணாடிப் பாலங்களால் இணைத்தார்கள். ஸ்கைவாக் என்று பெயர், மொத்தம் சுமார் நான்கு மைல். அலுவலகம் போகிறவர் கோட்டு இல்லாமலே சாப்பிடப் போய்வரலாம். கிரூயனின் கூரை இன்னொரு வடிவத்தில். விளைவும் அதேதான்: கடைகள் மேலே போயின, தெரு காலியாயிற்று, மாலை அலுவலகம் விட்டதும் மேலேயும் காலி. பெருந்தொற்றுக்குப் பிறகு அலுவலகம் வருகிறவர்களும் குறைந்தபோது ஸ்கைவாக் கடைகளுக்கு வேறு ஆதரவே இல்லை. அந்த ஊர் இப்போது ஒருவழிச் சாலைகளை இருவழியாக மாற்றுவதிலும் சிற்பப் பூங்காவிலும் கோர்ட் அவென்யூச் சனிக்கிழமைச் சந்தையிலும் தெருவை மீட்டுக்கொண்டிருக்கிறது.

குடியிருப்பவர் வந்தால் எல்லாம் வந்துவிடுமா? வரும், ஆனால் தாமதமாக. மளிகைக்கடைதான் கடைசியில் வரும். உணவகமும் மதுக்கடையும் வெளியூர்க் கூட்டத்தை நம்பித் திறக்கும். பால், முட்டை, மருந்து விற்பவர் அங்கேயே தூங்குபவர்களை எண்ணிப் பார்த்துத்தான் திறப்பார். நகர மையத்தில் வீடு பார்க்கப் போகிறவர் உணவகங்களை எண்ண வேண்டாம், மருந்துக்கடை எங்கே என்று கேட்டால் போதும்.

பழைய கட்டடங்களை வீடாக்க ஆகும் செலவில் 20 சதவீதத்தை மத்திய அரசு வரிச்சலுகையாகக் கொடுக்கிறது, கட்டடம் வரலாற்றுச் சிறப்புள்ளது என்று சான்று பெற்றிருந்தால். கிடங்குகள், ஆலைகள், பழைய ஹோட்டல்கள் இதில் நன்றாக மாறின. 1970களின் அலுவலகக் கோபுரங்கள் அவ்வளவு எளிதில் மாறாது. நடுப்பகுதி சன்னலிலிருந்து ரொம்பத் தூரம், படுக்கையறைக்கு வெளிச்சம் கிடைக்காது. அப்படி மாறுபவையும் ஒரு படுக்கையறை, இரண்டு படுக்கையறை வீடுகள்தான். இளம் ஜோடியும் பிள்ளைகள் வெளியேறிய மூத்த ஜோடியும் வருவார்கள். பள்ளிக்குப் போகும் குழந்தை உள்ளவர் வரமாட்டார். இந்த நான்கு ஊரிலும் இந்த ஓட்டை இருக்கிறது.

இன்னொரு ஓட்டை இன்னும் பெரிது. கிரீன்வில்லின் மையம் செழிக்கச் செழிக்க, நகர மக்கள்தொகையில் கறுப்பினத்தவரின் பங்கு குறைந்துகொண்டே வந்திருக்கிறது. சுற்றியிருந்த பழைய குடியிருப்புகளில் நிலம் விலையேறியது, வாடகை ஏறியது. 2022இல் ரீடி ஆற்றங்கரையில் யூனிட்டி பார்க் திறந்தது. முன்பு ஒரு பகுதி கறுப்பினத்தவருக்கென்று ஒதுக்கப்பட்டிருந்த பூங்கா நிலம் அது. அதையொட்டி, குறைந்த வருமானக்காரர்களின் வீடுகளுக்காக நகராட்சி நிலம் ஒதுக்கியது. சரியான முடிவு. ஆனால் அருவிப் பூங்கா திறந்தபோதே ஒதுக்கியிருந்தால் விலை எவ்வளவு மலிவாக இருந்திருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

இந்த விஷயத்தில் ராச்செஸ்டருக்குத்தான் இப்போது வாய்ப்பு அதிகம் என்பது என் கணிப்பு. சரிந்த ஊர், அதனால் நிலம் மலிவு. 2014இல் தொடங்கி 2017இல் முடிந்த வேலையில் இன்னர் லூப்பின் கிழக்குப் பகுதி அகழியை மண்போட்டு மூடிவிட்டார்கள். அந்தப் பகுதியில் தினமும் ஏழாயிரம் வண்டிகள்தான் போய்க்கொண்டிருந்தன. ஒரு சாதாரணத் தெரு தாங்கக்கூடிய கூட்டத்துக்காகப் பள்ளமும் மேல்பாலங்களும் பராமரித்திருக்கிறார்கள்! மூடியதில் சுமார் ஆறு ஏக்கர் கிடைத்தது. அதில் அடுக்ககங்கள் வந்தன, குறைந்த வாடகை வீடுகளும் சேர்த்து. பக்கத்திலிருந்த விளையாட்டு அருங்காட்சியகம் அந்த நிலத்தில் விரிந்து 2023இல் திறந்தது. குழந்தைகளுக்கான ஓர் இடத்தை ஒட்டி வீடு கட்டியது தற்செயலா, திட்டமா, எப்படியோ நல்லது. அடுத்து வடக்குப் பகுதி. மாநிலம் 10 கோடி டாலர் ஒதுக்கியிருக்கிறது. அங்கே அகழிக்கு வடக்கே இருப்பது ஏழைக் குடும்பங்கள் அதிகமுள்ள பகுதி. அதனால் கிடைக்கும் நிலம் யாருக்கு என்ற கேள்வி கிழக்கைவிடக் கூர்மையாக இருக்கும்.

மிட்டவுன் பிளாசா இருந்த இடத்தில் ஒரு துண்டு நிலம், 'பார்சல் 5' என்று காகிதப் பெயரோடே, பல வருடம் வெறுமையாகக் கிடந்து, ஊர் விழாக்களுக்கு மைதானமாகிவிட்டது. கட்டடம் எழுப்ப வந்த திட்டங்கள் நிறைவேறவில்லை. கோபுரத்தை மட்டும் இடிக்காமல், எலும்புக்கூடு தெரியும்வரை உரித்து, புதுக் கண்ணாடி போட்டார்கள். கிரூயன் அலுவலகத்துக்கும் ஹோட்டலுக்குமாக வரைந்த அந்த மாடிகளில் பெரும்பாலானவை இப்போது வீடுகள். செவ்வாய்க்கிழமை இரவு அங்கே விளக்கு எரிகிறது.